கொல்லையில் முளைத்த முந்திரிப்பருப்பு... இதெல்லாம் தெரியுமா?

ஃபுளோரிடாவில் அண்ணன் வீட்டுக் கொல்லையில் போன மார்ச் மாதம் ஒரு முந்திரிப்பருப்பு முளைத்தது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆரஞ்சு நிறம்! நீச்சல் குளம் வெட்டும் கம்பெனிக்காரர் வந்து, புல்தரையில் ஸ்ப்ரே பெயின்ட்டால் வளைத்து வளைத்துக் கோடு போட்டுவிட்டு, 85 ஆயிரம் டாலர் என்று ஒரு மதிப்பீட்டையும் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தார். சிகாகோவில் முப்பது வருடம் பனியை வழித்துப் போட்டு அலுத்து, ஓய்வு பெற்றதும் 55 வயது தாண்டியவர்களுக்கான குடியிருப்பில் வீடு வாங்கியவர் அண்ணன். வீடியோ காலில் கோட்டைச் சுற்றிக் காட்டி, "என்னடா சொல்றே? வெட்டலாமா, வேண்டாமா?" என்றார்.

என்னிடமா கேட்பது? துணுக்கு எழுதியே காலத்தை ஓட்டுகிறவன் நான். ஒரு வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன். அன்று ராத்திரி தேட ஆரம்பித்தவன், விடிவதற்குள் அவருக்கு நாற்பது வாட்ஸ்அப் அனுப்பிவிட்டேன். எல்லாமே 'தெரியுமா?' என்றுதான் ஆரம்பிக்கும்.

அந்த முந்திரிப்பருப்பு வடிவம் எங்கிருந்து பரவியது தெரியுமா? 1948-ல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் தாமஸ் சர்ச் என்ற தோட்ட வடிவமைப்பாளர் டானல் குடும்பத்துக்காக அமைத்த குளம் அது. படம் பத்திரிகைகளில் வந்ததும் வந்தது, அமெரிக்கா முழுக்கக் கொல்லைகள் வளைந்து நெளிய ஆரம்பித்தன. கதை அங்கே முடியவில்லை! 1976, 77-ல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. குளங்கள் காலி. வேலி ஏறிக் குதித்த விடலைப் பையன்கள், வழவழவென்று வளைந்து ஏறும் அந்தச் சுவர்களில் ஸ்கேட்போர்டை விட்டுப் பார்த்தார்கள். இன்று ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு வீரர்கள் பறக்கிறார்களே, அந்தக் கிண்ணம் போன்ற தளம் யாரோ ஒருவர் வீட்டுக் காலிக் குளத்தின் வாரிசு!

அண்ணனிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. "நான் அதுல சறுக்கப் போறதில்லடா."

சரி, தண்ணீருக்கு வருவோம். கணக்குக்காக வளைவை மறந்துவிட்டு, 8 மீட்டருக்கு 4 மீட்டர் செவ்வகம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48,000 லிட்டர். அதாவது 48 டன். நன்றாக வளர்ந்த பெரிய ஆசிய ஆண் யானைகள் பத்தைப் பிடித்துத் தராசில் நிறுத்தினால் ஏறக்குறைய இந்த எடைதான் வரும்! யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? இங்கே கட்டப்போவது பத்து.

அந்தப் பத்து யானையும் வெளியே போய்விட்டால் இன்னும் ஆபத்து, தெரியுமா? குளத்தைக் காலி செய்தால் குளமே மிதக்கும்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபுளோரிடாவில் பல இடங்களில் சில அடி தோண்டினாலே நிலத்தடி நீர் வந்துவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அதன் பாரம் தொட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். இறைத்துவிட்டாலோ, காலித் தொட்டி ஒரு கான்கிரீட் படகு. கீழேயிருந்து நீர் தள்ள, குளம் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே எழும்பிவிடும்! அதனால்தான் புயல் எச்சரிக்கை வந்தாலும் குளத்தை வற்றவிடாதே என்கிறார்கள். சிலர் புயலில் பறந்துவிடாமல் இருக்கப் பிளாஸ்டிக் நாற்காலி, மேஜையையெல்லாம் தூக்கிக் குளத்துக்குள் போட்டுவிடுவதும் உண்டு. புயல் ஓய்ந்ததும் தண்ணீருக்கு அடியில் ஒரு விருந்தினர் அறை!

மேலே எழும்புவது போகட்டும், கீழே போன குளத்தைப் பற்றித் தெரியுமா? ஃபுளோரிடாவின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். நீர் அரித்து அரித்து உள்ளே குகையாகும், ஒருநாள் மேல்மண் பொத்தென்று இறங்கும். 1981 மே மாதம் விண்டர் பார்க் என்ற ஊரில் அப்படி விழுந்த பள்ளம் ஒரு வீட்டை விழுங்கியது, பழுதுபார்க்க நின்ற போர்ஷே கார்களை விழுங்கியது, போதாதென்று நகராட்சி நீச்சல் குளத்தின் ஒரு பகுதியையும் விழுங்கியது. குளத்தைக் குழி குடித்த கதை! அந்தப் பள்ளம் இன்று ஒரு ஏரி. இதை அனுப்பிய பிறகு அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவர் எக்ஸெல் ஷீட்டோடு வந்தார். பழைய இன்ஜினீயர் ஆயிற்றே. அங்கே டிசம்பர், ஜனவரியில் குளத்து நீர் சில்லிட்டுப் போகும், மூட்டுவலிக்காரர்கள் கால் வைக்க முடியாது, சூடு பண்ண வேண்டும். 48,000 லிட்டரை ஒரே ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் தெரியுமா? 56 யூனிட்! தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல், ஒரு டிகிரிக்கே காலி. காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்து நீரில் விடும் ஹீட் பம்ப் வைத்தால், நல்ல நாளில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆனால் ராத்திரி அந்தச் சூடு எங்கே போகிறது? பெரும்பகுதி ஆவியாகத்தான். குளம் ஒரு சென்டிமீட்டர் வற்றினால் 320 லிட்டர், நம் கணக்கில் இருபது குடத்துக்கு மேல். இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். பார்சலைச் சுற்றி வருமே, பட்பட்டென்று உடைத்து விளையாடுவோமே, அதே மாதிரி குமிழ்த்தாள் ஒன்றைப் போர்த்திவிட்டால் போதும். அறுபத்தெட்டு வயதில் தினமும் 32 சதுர மீட்டர் போர்வையை மடித்து எடுப்பது யார் என்பது எக்ஸெல்லில் இல்லாத கேள்வி.

மோட்டார் விஷயம் இன்னும் அதிசயம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? எட்டில் ஒரு பங்காகும்! இரண்டு மடங்கு நேரம் ஓடினாலும் செலவு நாலில் ஒன்றுதான். மெதுவாக ஓடுவதே லாபம் என்கிற இயந்திரம், ஓய்வு பெற்றவர்களுக்கு வெகு பொருத்தம்.

பொதுக் குளத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அது குளோரின் அதிகம் என்பதற்கு அடையாளம் என்றுதானே இத்தனை நாள் நம்பினோம்? இல்லவே இல்லை! வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. பராமரிப்பு சரியாக உள்ள குளம் அப்படி மணக்காது. கண் எரிச்சலுக்கும் முக்கால்வாசிப் பழி அந்தக் கூட்டணி மேல்தான். "நாங்க உப்புத்தண்ணிக் குளம் போடுவோம், குளோரினே கிடையாது" என்று அண்ணனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதுவும் பாதிப் பொய். கரைத்த உப்பிலிருந்து மின்சாரம் பாய்ச்சிக் குளோரினைப் பிரிப்பதுதான் அந்த ஏற்பாடு. கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு உப்பு போதும். அதற்கே அண்ணன் குளத்துக்கு மூன்று மூட்டை, 150 கிலோ!

இதையெல்லாம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணி திரைக்குள் தலையை நீட்டினார். அண்ணி தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். "ஏன் தம்பி, எங்க ஆத்துக்கு யாரு குளோரின் போட்டா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஃபுளோரிடாவில் குளத்துக்குக் கூண்டு கட்டுவார்கள் தெரியுமா? அலுமினியச் சட்டம், கொசுவலை, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கொசுவும் இலையும் விழாமல் இருக்க. முதலைக்காகவும் என்று சொல்லலாம். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் அலிகேட்டர் முதலைகள் ஏறக்குறைய 13 லட்சம்! அழையா விருந்தாளியாகக் குளத்தில் இறங்கிவிட்டால் கூப்பிட்டுச் சொல்ல அரசு வனவிலங்குத் துறையில் தனித் திட்டமே உண்டு. ஆனால் கொசுவலை முதலைக்கு எம்மாத்திரம்? கிழித்துக்கொண்டு உள்ளே போய்ச் சொகுசாக மிதந்த முதலைகளின் படங்கள் வருடா வருடம் செய்தியில் வரும்.

கிரீஸ் நாட்டில் இன்னொரு வேடிக்கை. ஏதென்ஸின் பணக்காரப் புறநகர்களில் 'எங்கள் வீட்டில் குளம் இருக்கிறது' என்று வரிக் கணக்கில் எழுதியவர்கள் 324 பேர். 2010 வாக்கில் அதிகாரிகள் செயற்கைக்கோள் படத்தில் எண்ணிப் பார்த்தார்கள். 16,974! பிரான்ஸில் 2022-ல் செயற்கை நுண்ணறிவை ஏவி 20,000 கள்ளக் குளங்களைப் பிடித்தார்கள். நீலமாக ஒன்றை வெட்டிவிட்டு வானத்துக்கு மறைப்பது எப்படி? அதே 2022-ல் லாஸ் வேகஸ் வட்டாரம், புது வீட்டுக் குளம் 600 சதுர அடியைத் தாண்டக்கூடாது என்று கோடு கிழித்தது. பாலைவனத்தில் தண்ணீர் அவ்வளவு அருமை.

இனி வருவது மூச்சைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம். அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம் நோயல்ல, சாலை விபத்தல்ல. நீரில் மூழ்குவது. மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இருக்காது. பேரக்குழந்தை வந்தால் விளையாடுமே என்றுதான் பல தாத்தாக்கள் குளம் வெட்டுகிறார்கள், கவனியுங்கள். ஃபுளோரிடாவில் 2000-ம் ஆண்டுச் சட்டப்படி புதுக் குளத்துக்கு நாலடி வேலியோ, மூடியோ, கதவைத் திறந்தால் அலறும் மணியோ ஒன்றாவது கட்டாயம். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, 2002-ல் வெந்நீர்த் தொட்டி ஒன்றின் வடிகால் உறிஞ்சும் விசையில் சிக்கி இறந்தாள். நீச்சல் தெரிந்த பெண். குடும்பம் விடாமல் போராடியதில் 2007-ல் தேசிய அளவில் சட்டமே வந்தது. இன்று அங்கே பொதுக் குளங்களின் வடிகால் மூடிகள் பெரும்பாலும் தட்டையாக இல்லாமல் மேடாக இருக்கக் காரணம் அந்தச் சட்டம். இன்னொன்று, தண்ணீர் கண்ணை ஏமாற்றும். ஒன்றரை மீட்டர் ஆழத்தை மேலிருந்து பார்த்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் என்றுதான் தோன்றும். 'இடுப்பளவுதான்' என்று கால் வைப்பவர் குழந்தையானால் என்ன, கிழவரானால் என்ன?

அப்புறம் எதற்கு மனிதர்கள் இதற்கு இப்படி ஆசைப்படுகிறார்கள்? இறங்கிப் பார்த்தால் தெரியும். தொப்புள் அளவு நீரில் நின்றால் உங்கள் எடையில் பாதிதான் காலுக்கு. மார்பளவு என்றால் மூன்றில் ஒன்று. கழுத்தளவு போய்விட்டால் பத்தில் ஒன்று! 80 கிலோ ஆசாமியை அவர் முழங்கால் 8 கிலோ குழந்தையாகத் தாங்குகிறது. (கூடவே ஒரு கண்டிஷன். பாரம் இல்லாததால் எலும்புக்கு வேலையும் இல்லை. எலும்பு உறுதிக்குக் கரையில் நடந்துதான் ஆக வேண்டும்.) தண்ணீரின் அழுத்தம் கால்களிலிருந்து ரத்தத்தை மேலே தள்ள, உடம்பு அதை 'நீர் அதிகமாகிவிட்டது' என்று தப்பாகப் புரிந்துகொள்ளும். இறங்கிய கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் ஞாபகம் வருவது அதனால்தான். விரல் நுனி சுருங்குவது ஊறிப்போனதால் அல்ல, நரம்பு செய்கிற வேலை. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு நேரம் ஊறினாலும் சுருங்காது!

இந்த ரகசியத்தை நன்றாக அறிந்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 39 வயதில் போலியோ தாக்கிக் கால்கள் விழுந்தன. 1924-ல் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ் இளவெந்நீர் ஊற்றில் இறங்கியவருக்கு, தரையில் நிற்காத கால் தண்ணீரில் நின்றது. 1933-ல் அவர் ஜனாதிபதியானதும் நியூயார்க் பத்திரிகை ஒன்று மக்களிடம் பணம் திரட்டி வெள்ளை மாளிகைக்குள்ளேயே அவருக்காகக் குளம் கட்டிக்கொடுத்தது. அந்தக் குளம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? நிக்சன் காலத்தில், 1970-ல், மேலே தளம் போட்டு நிருபர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். டிவியில் நிருபர்கள் கேள்வி கேட்டுக் கத்துகிறார்களே, அவர்கள் நாற்காலிக்கு அடியில் இருப்பது ரூஸ்வெல்ட்டின் நீச்சல் குளம்!

இதை நான் வீடியோ காலில் உற்சாகமாகச் சொல்லி முடித்தபோதுதான் அண்ணி மறுபடி வந்தார். காய்ந்த துணியை மடித்தபடியே, என் துணுக்கெல்லாம் சேர்ந்தும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"அது இருக்கட்டும். உங்களுக்கு நீச்சல் தெரியுமாங்க?"

அண்ணன் எக்ஸெல்லைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். அறுபத்தெட்டு வருடத்தில் அண்ணன் இறங்கிய அதிகபட்ச ஆழம் மெரினாவில் கணுக்கால்.

அண்ணி தெளிவாகவே இருந்தார். நீந்துகிறவள் நான் ஒருத்தி. வளைந்த முந்திரிப்பருப்பில் நாலு கை வீசினால் சுவர் இடிக்கும். இடுப்பில் ரப்பர் கயிறு கட்டி நின்ற இடத்தில் நீந்தலாம் என்று தம்பி அனுப்பியிருக்கிறார், அது எனக்கு வேண்டாம், நான் என்ன செக்கு மாடா? வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் குடியிருப்பின் பொதுக் குளம் இருக்கிறது. மாதச் சந்தாவில் அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

சொந்தக் குளத்தின் கணக்கை அண்ணன் உடனே போட்டுப் பார்த்தார். பதினைந்து வருடம், வருடத்துக்கு நூறு முறை இறங்கினால், வெட்டுக் கூலி மட்டுமே ஒரு முழுக்குக்கு ஏறக்குறைய 57 டாலர். மின்சாரம், உப்பு, வாரா வாரம் வந்து பாசி தேய்ப்பவர் சம்பளம் தனி.

ஓய்வுக்காலக் குடியிருப்பு என்கிற யோசனையோடு பொதுக் குளமும் ஒட்டிப் பிறந்தது. 1960 ஜனவரி 1-ல் அரிசோனா பாலைவனத்தில் டெல் வெப் என்பவர் சன் சிட்டியைத் திறந்தபோது, பாலைவனத்தில் கிழவர்களுக்கு ஊரா என்று சிரித்தவர்கள் உண்டு. முதல் வார இறுதியிலேயே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு லட்சம் பேர்! அங்கே வீட்டோடு விற்கப்பட்டது கோல்ஃப் மைதானமும் பொழுதுபோக்குக் கூடமும் பொதுக் குளமும். ஃபுளோரிடாவின் 'தி வில்லேஜஸ்' குடியிருப்பில் இன்று நூற்றுக்கு மேல் குளங்கள். அதிலும் சில பெரியவர்களுக்கு மட்டும். பேரன் பேத்தி தண்ணீர் தெறிக்கும் குளம் வேறு. 1985-ல் வந்த 'கக்கூன்' படம் பார்த்திருக்கிறீர்களா? ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எடுத்தது. முதியோர் இல்லத்துக் கிழவர்கள் மூன்று பேர் பக்கத்து பங்களாக் குளத்தில் திருட்டுத்தனமாக நீந்துவார்கள். அடியில் வேற்றுக்கிரகத்துக் கூடுகள் இருக்க, தண்ணீரில் இறங்க இறங்க வாலிபம் திரும்பும்! அதில் நடித்த டான் அமீச்சிக்கு 77 வயதில் ஆஸ்கர் கிடைத்தது. எனக்கு அந்தப் படத்தில் பிடித்த விஷயமே, குளம் அவர்களுடையது இல்லை என்பதுதான்.

ஜப்பானின் மியெகோ நாகவோகாவை விட்டுவிட்டு இதை முடிக்க முடியாது. முழங்கால் தேறுவதற்காக 80 வயதுக்கு மேல் தண்ணீரில் இறங்கிய பெண்மணி. 2015-ல், 100 வயதில், 1,500 மீட்டரை முழுதாக நீந்திக் கரையேறினார். ஒரு மணி 15 நிமிடம் 54 விநாடி! உலகத்தில் நூறு வயதுக்காரர் ஒருவர் அதைச் செய்தது அதுவே முதல்முறை. இதையும் அண்ணனுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை பதிலுக்குக் கட்டை விரல் வந்தது.

ஏப்ரலிலிருந்து அண்ணி காலை ஆறரைக்குப் பொதுக் குளத்துக்குப் போகிறார். ஒரு வாரம் துண்டு பிடித்தபடி கரையில் உட்கார்ந்திருந்த அண்ணன், இரண்டாம் வாரம் கம்பியைப் பிடித்துப் படியில் இறங்கினாராம். பச்சை நிறத்தில் ஒரு நீளமான ஸ்பாஞ்சுக் குழாயை அக்குளில் செருகிக்கொண்டு, குறுக்கே நடை. பக்கத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளிக்கூட டீச்சர் இருவர், அவர்களுக்கும் அதே மாதிரிக் குழாய்கள். இடி கேட்டால் எல்லோரும் கரையேறி அரை மணி நேரம் வெட்டிப் பேச்சு. மே மாதம் ஒருநாள் ராத்திரி எனக்கு வாட்ஸ்அப் வந்தது: "கழுத்தளவு தண்ணில நின்னா என் வெயிட் எட்டு கிலோதான், தெரியுமா?" நான் சொன்ன துணுக்கு எனக்கே திரும்பி வந்திருக்கிறது. கண்டுபிடித்தவர் அவரே என்கிற மாதிரி.

ஜூனில் குளக் கம்பெனிக்காரர் போன் செய்து, அந்தக் கோடு இன்னும் இருக்கிறதா, அதன்மேலேயே வேலையைத் தொடங்கிவிடலாமா என்று கேட்டாராம். அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மழைக்காலம், அதற்குள் நாலைந்து முறை புல் வெட்டியாகிவிட்டது. அண்ணியின் செம்பருத்திக்கு அடியில், மெஷின் நுழையாத மூலையில் மட்டும், ஒரு முழ நீளத்துக்கு ஆரஞ்சு மிச்சம் இருந்ததாம்.